நிற்கத் தெரிந்த வண்டி

மச்சான் அந்தப் பழைய ஸ்கூட்டர் என்ஜினைச் சாக்கில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, கார் ஷெட்டின் நடுவில் இறக்கி வைத்தார்.

"மாப்ள, இதுதான் வண்டி. மத்ததெல்லாம் சும்மா ஒட்டு வேலை" என்றார்.

மாப்பிள்ளை சாக்கை விலக்கினார். குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார், "இது எதால நிக்கும்?"

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். ஓடுவதற்கு முன்பே நிற்பதைப் பற்றிக் கேட்கிற மனிதரோடு எந்த வேலையைத்தான் நிம்மதியாகச் செய்ய முடியும்?

மச்சான் பைக் மெக்கானிக். வாலிபத்தில் மண்ணிலும் சேற்றிலும் பந்தயம் ஓட்டியவர். இடது தோள் வலதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். கேட்டால் அது தனக்குக் கிடைத்த பரிசு என்பார். மாப்பிள்ளை, அதாவது அவருடைய தங்கையின் கணவர், லிஃப்ட் பழுது பார்ப்பவர். தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். ஓடாத எதைக் கண்டாலும் மச்சானுக்குக் கை அரிக்கும். நிற்காத எதைக் கண்டாலும் லிஃப்ட்காரருக்குத் தூக்கம் வராது. இந்த இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து, மேடு பள்ளத்தில் ஓடுகிற கோ-கார்ட் என்கிற குட்டி நாலுசக்கர வண்டியைச் சொந்தமாகச் செய்யக் கிளம்பினால் என்ன நடக்கும்? சண்டைதான் நடக்கும். வாரா வாரம், விடுமுறை நாளில், டீயும் பிஸ்கட்டுமாக அது ஒழுங்காக நடந்தது.

வண்டி லிஃப்ட்காரரின் இரண்டு பிள்ளைகளுக்கு. ஐந்து வயதுப் பையனை வீட்டில் டமாரம் என்பார்கள். அவன் காதில் விழாத ரகசியம் கிடையாது, அவன் வாயிலிருந்து வெளியே போகாத ரகசியமும் கிடையாது. ஏழு வயதுப் பெண்ணுக்கு மிளகு என்று பெயர். சின்னதாக, கறுப்பாக, ஒரு மூலையில் சத்தமில்லாமல் கிடப்பாள். வாயைத் திறந்தால் சுருக்கென்று இருக்கும்.

டமாரத்துக்கு வண்டி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவன்தான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டானே. ஆனால் லிஃப்ட்காரர் அந்த இரும்புக் குழாய்களை வாங்கிப் போட்டது மிளகுக்காக. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும். அவளும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

போன வருஷம் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தார்கள். சாமான் ஏற்றும் தள்ளுவண்டிக்குள் மிளகு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கடைக்கு வெளியே கார் நிறுத்தும் இடம் சரிவு. கீழே விழுந்த பையை எடுக்க அம்மா குனிந்தாள், அவ்வளவுதான். தள்ளுவண்டி தன் போக்கில் நகர்ந்து, வேகம் பிடித்து, கடைசிச் சுவரில் போய் மோதி நின்றது. முகவாயில் தையல் போட்டார்கள். குழந்தை அழக்கூட இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வீட்டுக்கு வரும்போது அப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அதுல நிறுத்துறதுக்கு ஒண்ணுமே இல்லப்பா."

அன்றிலிருந்து சக்கரம் வைத்த எதிலும் அவள் ஏறுவதில்லை. கார் வேண்டாம், பஸ் வேண்டாம், சைக்கிளைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடப்பாள். உருளும் நாற்காலியில் உட்காரச் சொன்னால் தரையில் உட்கார்ந்துகொள்வாள். வெளியே எங்கே போவதானாலும் குடும்பம் இரண்டாகப் பிரியும். அப்பாவும் மகனும் காரில் போய்ச் சேர்ந்து காத்துக் கிடப்பார்கள். அம்மாவும் மகளும் நடந்து வந்து சேருவார்கள். தொலைவான இடமென்றால் அம்மாவும் மகளும் வரவே மாட்டார்கள். லிஃப்ட்டில் மட்டும் மிளகு சந்தோஷமாக ஏறுவாள். அதற்குச் சக்கரமே கிடையாது என்பது அவள் கட்சி. உண்மையில் அதற்கும் சக்கரம் உண்டு, மேலே, யார் கண்ணிலும் படாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த விஷயத்தை லிஃப்ட்காரர் இதுவரை அவளிடம் சொல்லவில்லை. எதற்கு வம்பு?

அவருடைய ஆசை பெரிதல்ல. தன் மகள் ஒரே ஒரு தடவை, தானாக மனசு வந்து, சக்கரத்தின் மேல் ஏறி உட்கார வேண்டும். அது நடந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும் என்று அவர் நம்பினார்.

மனைவி பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். பதில் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறவர்களிடம் கேள்வி கேட்டே பழகியவள். ஒரு நாள் ஷெட்டுக்கு டீ கொண்டுவந்தபோது, வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையில் பற்றவைக்கும் கம்பியோடு அவர் நின்ற சமயம் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க, இதுல அவ ஏறுவான்னு நினைக்கிறீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், தெரியாது என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"ஏறலன்னா விட்டுடணும். ஏறு ஏறுன்னு நச்சரிக்கக் கூடாது. மிட்டாய் வாங்கித் தரேன், பொம்மை வாங்கித் தரேன், ஒண்ணும் கூடாது. எனக்கு வாக்குக் குடுங்க."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாக்குக் கொடுத்தார். பாதி மனசோடுதான்.

வண்டிக்கு உருவம் வந்துகொண்டிருந்தது. இரும்புக் குழாயில் சட்டம், தலைக்கு மேலே வளைந்த ஒரு காப்புக் கம்பி, கட்டட வேலையில் சிமெண்டுக் கலவை தள்ளுகிற வண்டியின் தடித்த டயர்கள். பக்கம் பக்கமாக இரண்டு சீட்டு. ஸ்டியரிங் வலது பக்கம். ஆக்சிலரேட்டர் ஸ்டியரிங்கோடு சேர்த்து விரலால் இழுக்கிற சின்ன நெம்புகோல். அதை எவ்வளவு இழுத்தாலும் ஒரு ஆள் ஓடுகிற வேகத்துக்கு மேல் போகாதபடி லிஃப்ட்காரர் ஒரு திருகாணியை முறுக்கிப் பூட்டினார். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டவர், பிரேக் விஷயத்தில் வெடித்துவிட்டார்.

"மிதிச்சா நிக்கணும் மாப்ள. உலகத்துல இருக்கிற அத்தனை வண்டியும் அப்படித்தான் நிக்குது."

"மிதிக்க மறந்துட்டா?"

"ஏன் மறக்கப் போறாங்க?"

"மச்சான், ஒரு குழந்தை பயந்துட்டா என்ன பண்ணும்? யோசிச்சு, குறி பார்த்து, சரியான பெடலை மிதிக்குமா? காலைத் தூக்கி மேல வெச்சுக்கும். அப்பத்தான் வண்டி நிக்கணும். லிஃப்ட்ல பிரேக் எப்பவும் பிடிச்சபடியே இருக்கும். கரண்டு வந்தாத்தான் விடும். கரண்டு போச்சுன்னா அந்த நொடியே தானா பிடிச்சுக்கும். நிக்கிறதுதான் அதோட சுபாவம். ஓடுறது நாம குடுக்கிற சலுகை."

"சலுகை குடுத்து வண்டி ஓட்டுற ஆளை இன்னிக்குத்தான்யா பாக்குறேன்" என்றார் மச்சான். ஆனாலும் வேலை செய்துகொடுத்தார். அதுதான் மச்சான். வாய் ஒரு பக்கம் போகும், கை மாப்பிள்ளை சொன்ன பக்கம் போகும்.

ஆக, பெடலை மிதித்தால் பிரேக் விடும். காலை எடுத்தால் பிரேக் பிடிக்கும், என்ஜினும் தணிந்துபோகும். யார் கால் எட்டினாலும் சரி என்று இரண்டு சீட்டுக்கும் முன்னால் குறுக்காக ஒரே நீளப் பெடல் வைத்தார்கள். பிரேக்கை இழுத்துப் பிடித்து வைக்க ஒரு ஸ்பிரிங் வேண்டும். அதை லிஃப்ட்காரர் தன் வேலை இடத்திலிருந்து, கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கி வந்தார். எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினார். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உச்சி குளிர்ந்தது.

மிளகு ஷெட்டின் வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. ஆனால் தினமும் வந்து நிற்பாள். ஒரு சாயங்காலம் கையை நீட்டிக் காட்டினாள்.

"அது என்ன?"

"ஸ்பிரிங்கு. அதுதான் வண்டியைப் பிடிச்சு நிறுத்தும்."

"யாரும் ஒண்ணும் பண்ணலன்னாலுமா?"

"யாரும் ஒண்ணும் பண்ணலன்னா நின்னுக்கிட்டேதான் இருக்கும்."

கொஞ்ச நேரம் அந்த ஸ்பிரிங்கையே பார்த்தாள். பிறகு சரி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான் பேச்சு. லிஃப்ட்காரருக்கோ அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

வண்டி முடிந்ததும் அவர் தொழில் புத்தி தலைதூக்கியது. லிஃப்ட்டில் மனிதர் ஏறுவதற்கு முன்னால் எடைக் கற்களோ மணல் மூட்டைகளோ ஏறும். ஏற்றிப் பார்த்து, இறக்கிப் பார்த்து, நிறுத்திப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் ஆள். இந்த வண்டிக்கும் அதுதான் சட்டம் என்றார். பிள்ளைகள் பக்கத்தில்கூட வரக் கூடாது. இரண்டு சீட்டிலும் மணல் மூட்டைகளை உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டார். நடுவில் தானும் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து, கனத்த பூட்ஸ் காலால் பெடலை அமுக்கித் தெருவில் போய்வந்தார். காலை எடுத்தார், வண்டி அடித்து வைத்த மாதிரி நின்றது. மறுபடியும் போனார், மறுபடியும் நின்றது. மச்சான்கூடத் தலையை ஆட்டினார்.

டமாரம்தான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டினான். "மணல் மூட்டைக்கு மட்டும் பெல்ட் போட்டுக் கூட்டிட்டுப் போறீங்க! நான் உங்க பிள்ளையா, அது உங்க பிள்ளையா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற காலி மனைக்கு வண்டியைக் கொண்டுபோனார்கள். எப்போதோ கட்டடம் கட்டக் கொட்டி, பிறகு மறந்துபோன மண் அங்கே நிறையக் கிடந்தது. சில இடங்களில் மழை கரைத்துச் சமமாக்கியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் இடுப்பளவு மேடாக நின்றது. வண்டியும் அப்பாவும் டமாரமும் மச்சானின் சரக்கு வண்டியில் வந்தார்கள். அம்மாவும் மிளகும் நடந்து வந்தார்கள். வேர்த்து வழிந்து வந்து சேர்ந்த மகளைப் பார்த்து, ஏறச் சொல்லவில்லை அவர். வாக்குக் கொடுத்திருக்கிறாரே. நிழலில் நின்று பார்க்கச் சொன்னார். வண்டி ஓடுவதையும் நிற்பதையும் அவள் பார்த்தால் போதும், மிச்சத்தை வண்டியே பேசிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

டமாரத்துக்கு ஹெல்மெட் மாட்டி, பெல்ட் இறுக்கி, என்ஜினைப் போட்டார்கள். மனை முழுவதும் படபடவென்று சத்தம்.

"மிதிடா!" என்றார் மச்சான்.

மிதித்தான். வண்டி நகரவில்லை.

"நல்லா மிதிடா, சோறு சாப்பிடலையா?"

பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான். இரண்டு காலையும் வைத்து, பெல்ட் விட்ட அளவுக்குச் சீட்டிலிருந்து எழும்பி, ஹெல்மெட்டுக்குள் முகம் சிவக்க மிதித்தான். பெடல் ஒரு நூல் இறங்கி, அவனைத் திருப்பித் தள்ளிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. டமாரம் தன் சக்தி முழுவதையும் காலிலிருந்து தொண்டைக்கு மாற்றிக்கொண்டான். அழுகை பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

மச்சான் என்ஜினை அணைத்துவிட்டு, குனிந்து தன் கையால் பெடலை அமுக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்தார்.

"மாப்ள, இந்த ஸ்பிரிங்கு எந்த லிஃப்ட்டுல இருந்தது?"

"சரக்கு லிஃப்ட்டு."

"சரக்கு லிஃப்ட்டுன்னா? மாவு மூட்டை, பீரோ, அந்த மாதிரியா?"

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்தார். மச்சான் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் சிரித்தார்.

மனைவி பக்கத்தில் வந்தாள். "உட்கார வெச்சு முதுகை அளந்தீங்க. கை நீளம் அளந்தீங்க. தலையைச் சுத்தி நூல் பிடிச்சு அளந்தீங்க. அந்தக் காலுல எவ்வளவு பலம் இருக்குன்னு பாக்கணும்னு தோணலையா?"

தோணவில்லை. இத்தனை வருஷத்தில் லிஃப்ட்டில் ஏறுகிற எவரிடமும் அவர் பலத்தை எதிர்பார்த்ததில்லை. எடையைத்தான் பார்ப்பார். மணல் மூட்டைக்குக் கால் கிடையாது. இவ்வளவுதான் விஷயம், இதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. அதைவிட வேறொன்று அவரை அறுத்தது. மகள் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள். அப்பா செய்த வண்டி ஓடுவதையும் அவள் பார்க்கவில்லை, நிற்பதையும் பார்க்கவில்லை. அழுகிற தம்பியைத்தான் பார்த்தாள். எல்லாம் சப்பென்று போய்விட்டது.

"அழாதடா, பட்டறைல வேற ஸ்பிரிங்கு இருக்கும். தேடி எடுத்துட்டு வரேன்" என்று மச்சான் எழுந்து போனார்.

அவர் போனதும் மிளகு நிழலை விட்டு வந்தாள். வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெடலை உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"அப்பா, தம்பி எவ்வளவு மிதிச்சாலும் இது போகாதா?"

"போகாதும்மா. அவனால முடியாது."

அவள் தம்பியைப் பார்த்தாள். பிறகு பெடலைப் பார்த்தாள். டமாரத்தால்கூட ஓட்ட முடியாத வண்டி என்றால் அது உலகத்திலேயே பத்திரமான வண்டியாகத்தான் இருக்க வேண்டும். அவள் முகத்தில் அந்த யோசனை அப்படியே தெரிந்தது.

"என்னால முடியுமா?"

ஏறித்தான் பாரேன் என்ற வார்த்தை லிஃப்ட்காரரின் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. மனைவி பார்த்த பார்வையில் அதை விழுங்கினார். "தெரியலையேம்மா" என்றார்.

மிளகு காப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

பெற்றவர்கள் இருவரும் மூச்சு விடவில்லை. ஏதோ ஒரு பறவை பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது போல அசையாமல் நின்றார்கள். அவள் முதுகைச் சீட்டில் நன்றாக முட்டுக்கொடுத்துக்கொண்டு இரண்டு பாதத்தையும் பெடலில் பதித்து, முழங்கால் நடுங்க, மொத்த உடம்பாலும் தள்ளினாள். டக் என்று பிரேக் விட்டது. பாதத்தை எடுத்தாள். டக் என்று பிடித்தது. மறுபடியும் விட்டாள், மறுபடியும் பிடித்தாள். எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை. டமாரம்கூட அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

"நான் மிதிக்கிறேன். அவன் ஓட்டட்டும்" என்றாள் கடைசியில். "ஆனா நான் காலை எடுத்தா அவன் கத்தக் கூடாது."

"கத்த மாட்டேன்!" என்று டமாரம் கத்தினான்.

ஸ்பிரிங்கோடு திரும்பிவந்த மச்சான், இடது சீட்டில் ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருக்கும் மருமகளைப் பார்த்ததும் பட்டறையின் பின்வாசலிலேயே நின்றுவிட்டார். கையிலிருந்ததைச் சத்தமில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மாமா, என்ஜினைப் போடுங்க" என்றாள் மிளகு.

வண்டி ஒரு முழம் போயிற்று, நின்றது. இரண்டு ஹெல்மெட்டும் முன்னால் ஆடிப் பின்னால் ஆடின. இன்னொரு முழம் போயிற்று, நின்றது. இப்படியே மனையின் ஒரு ஓரம் முழுவதும் நொண்டி நொண்டிப் போனது. டமாரம் வாக்குத் தவறாமல் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் நீளமா விடுக்கா!" என்று கெஞ்சினான். அவள் கொஞ்சம் நீளமாக விட்டாள். பிறகு இன்னும் கொஞ்சம். திரும்பி வரும்போது வண்டி நிற்காமல் வந்தது. தடித்த டயர்கள் ஈரமண்ணை வாரி இறைத்தன. பெற்றவர்களைத் தாண்டி, மச்சானைத் தாண்டி, இரண்டாவது சுற்றுக்குப் போனது. லிஃப்ட்காரரின் மனைவி அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவருக்கு வலித்தது, விடுவித்துக்கொள்ளத் தோன்றவில்லை. வாழ்க்கையில் இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று அந்த நேரத்தில் அவர் நிஜமாகவே நினைத்தார்.

மூன்றாவது சுற்றில் டமாரம் ஸ்டியரிங்கை மேட்டுப் பக்கம் திருப்பிவிட்டான்.

என்ஜின் முக்கி முனகி ஏறியது. உச்சிக்குப் போனதும் வண்டி நின்றுவிட்டது. அந்தப் பக்கம் சரிவு. வழுவழுப்பாக, நேராக இறங்கும் சரிவு. மிளகு அதைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

அந்தக் கடை வாசல், அந்தச் சுவர், முகவாயில் ரத்தம், எல்லாம் ஒரே நேரத்தில் லிஃப்ட்காரரின் கண்முன் வந்தன. பூட்ஸ் மண்ணில் புதையப் புதைய ஓடினார். மேட்டில் கையை ஊன்றி ஏறினார். சட்டத்தை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லடா கண்ணு, அப்பா பிடிச்சுக்கிட்டேன். பயப்படாத. மெதுவா இறங்கிடு."

மிளகு அவர் கைகளைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எதுக்குப்பா இப்படி ஓடி வர்ற? நான்தானே நிறுத்தினேன்."

அவருக்கு மூச்சு வாங்கியது.

"எப்படி இறங்கணும்னு பாத்துக்கிட்டிருக்கேன். கையை எடு" என்றாள்.

அவர் கையை எடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கினார். அவள் இரண்டு பாதத்தையும் பெடலில் வைத்து மிதித்தாள்.